தையல் மெசின் வாங்க முன்னம் கடன் கணக்கைக் கேளுங்கள்

"அக்கா, ஊரில் கஷ்டப்பட்ட குடும்பம் ஒன்றுக்குத் தையல் மெசின் வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கனடாவில் இருந்தோ சுவிஸில் இருந்தோ யாராவது கேட்டால், நான் உடனே ஓம் சொல்வதில்லை. இலங்கையில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து மாதர் சங்கங்களின் கணக்குக் கொப்பிகளோடு திரிகிறவள் நான். ஒரே ஊரில் வீட்டுக்கு வீடு மெசின் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் தைத்தால், தைக்கக் கொடுக்கிறது யார்? அந்த மெசின்களில் சிலவற்றின் மேல் இப்போது சாமிப்படம் இருக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது கடனை. "மொத்தம் எவ்வளவு கடன்?" என்று கேட்டால் சரியான பதில் வராது. வெட்கமும் இருக்கும், கணக்கும் தெரியாது. "திங்கட்கிழமை ஆர் காசுக்கு வாறது புள்ள? செவ்வாய்க்கிழமை?" என்று கிழமை கிழமையாகக் கேளுங்கள், எல்லாம் வந்துவிடும். பிறகு கடைக் கடன் கொப்பி, அடைவு வைத்த நகை, சீட்டுக் காசு. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. அதில் மட்டக்களப்பும் இருந்தது. அதற்குப் பிறகும், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் குழுக் கடன் நிற்கவில்லை. கடனுக்குக் கிழமைக்குக் கிழமை கட்டும் கட்டுக்காசு, தொழில் தரப்போகும் வருமானத்தை விடக் கூடவா? அப்படியென்றால் நீங்கள் கொடுக்கும் முதலீடு அந்தக் கட்டுக்காசுக்குத்தான் போகும். அதனால் சின்னக் கடன் ஒன்றை முழுதாக முடித்துவிடுங்கள். காசை நேரே அந்த இடத்தில் கட்டி, கடன் முடிந்ததற்குக் கடிதம் வாங்குங்கள்.

தொழிலை நீங்கள் தெரிவு செய்ய வேண்டாம். அந்தப் பிள்ளையின் கைக்கு ஏற்கெனவே தெரிந்தது எது என்று பாருங்கள்: பன்பாய் இழைப்பது, கஜு வறுப்பது, இடியப்பம் அவிப்பது. எங்கள் பக்கம் என்றால் பெரும்பாலும் எருமைத் தயிர். 2014இல் வாவியின் மேல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைத் தயிர் ஓடத்துக்குக் காத்து நிற்காமல் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போகிறது. பால் நல்லது, கைப்பக்குவமும் இருக்கிறது. கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள்.

விலை மாறிக்கொண்டே இருக்கும். விளங்குவதற்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். லீற்றர் 200 ரூபாய்ப்படி 10 லீற்றர் பால், 2000 ரூபாய். காய்ச்சினால் வற்றி ஒன்பது மண்சட்டித் தயிர்தான் நிற்கும். வெறுஞ்சட்டி 80 ரூபாய்ப்படி 720. விறகு 150, கடைக்குக் கொண்டுபோக ஓட்டோ 300. ஆகச் செலவு 3170. சட்டி 400க்குக் கொடுத்தால் கையில் வருவது 3600. மிச்சம் 430. ஒரு சட்டி புளித்துத் திரும்பி வந்தால் மிச்சம் 30 ரூபாய்! பால் காசை மட்டும் கழித்துப் பார்க்கிற பிள்ளை 1600 லாபம் என்று நினைத்துக்கொண்டு இருக்கும். சட்டியும் விறகும் ஓட்டோவும் அவளின் உழைப்பும் கணக்கிலேயே இல்லை. இரண்டு வீட்டுச் சட்டிகளை ஒரே ஓட்டோவில் ஏற்றினால் ஆளுக்கு 150 மிச்சம். பால் சூடு ஆறி, விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும்போது உறை ஊற்றினால் புளித்துத் திரும்புவதும் குறையும். புதுச்சட்டி தண்ணீரை உறிஞ்சித் தயிரை இறுக்கும். அதனால் சட்டிச் செலவில் கை வைக்க வேண்டாம்.

காசு போட இரண்டு ரின் வைக்கச் சொல்லுங்கள், ஒன்று தொழிலுக்கு, ஒன்று வீட்டுக்கு. நாளுக்கு இவ்வளவு என்று ஒரு கூலியை அவள் தொழில் ரின்னில் இருந்து எடுத்து வீட்டு ரின்னில் போடட்டும். அண்ணன், தம்பி, மனிசன் யார் கேட்டாலும் தொழில் ரின்னில் இருந்து கைமாற்று இல்லை. சண்டை வரும்தான்.

காலத்தையும் பாருங்கள். மாரி கால நெல்லான பெரும்போகம் விதைத்தால் மாடுகளை மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள். ஊரில் பால் குறையும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம். அந்த மாதங்களுக்கு வேறு வரும்படி வேண்டும். புதுத் தொழிலை அப்போது தொடங்கவே வேண்டாம்.

இனிப் பிள்ளைகள். இலங்கையில் பள்ளிக்கூடம் இலவசம், பாடப்புத்தகமும் இலவசம், 16 வயது வரை கட்டாயக் கல்வி. ஆனாலும் ஒன்பதாம் பத்தாம் ஆண்டில் பெடியன் மேசனுக்குக் கையாளாகப் போய்விடுகிறான். தூரம், சப்பாத்து, ரியூசன் காசு, வீட்டுக் கஷ்டம். நீங்கள் அனுப்பும் காசில் ஒரு பங்கை இதற்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள். பல இடங்களில் ஒரு சைக்கிளே போதும். தாய்க்கு வேலை கூடிவிட்டது என்று பெண்பிள்ளையை மறிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள், தொழில் நன்றாக ஓடும் வீட்டில்தான் இது அதிகம் நடக்கும். சாதாரண தரப் பரீட்சை சரிவராவிட்டால் தொழிற்பயிற்சி அதிகார சபையில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு படிக்கலாம். எந்தப் பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

தொழில் ஆறேழு மாதம் நின்றுபிடித்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். சாப்பாட்டுச் சாமான் என்றால் பி.எச்.ஐ.யை, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு அடுப்படியைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு பெரிய கடைகளோடு பேசலாம். இரண்டாவது தவணைக் காசைக் கொப்பியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடச் சொன்னால் போதும். விறகுக் காசு எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.