ஜெயில்ல இருந்து வர்ற மனநோயாளிக்கு உதவித்தொகை வாங்குறது எப்படி? ஆரம்பத்துல இருந்து சொல்றேன்

வீட்ல ஒருத்தருக்கு மனச்சிதைவு, பைபோலார் மாதிரி நோய் இருந்து, அவர் ஜெயில்ல இருந்து வெளிய வரப்போறார்னா இத படிங்க. தமிழ்நாட்டு நடைமுறைய வச்சுத்தான் எழுதுறேன், இப்படிப்பட்ட குடும்பங்களோட ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கியிருக்கேன்.

முதல் வேலை, ரிலீசுக்கு முன்னாடியே. மனு பாக்க, அதாவது ஜெயில்ல அவரப் பாத்துப் பேசப் போறப்பவே உள்ள என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் கொடுக்குறாங்கன்னு கேட்டு, மருத்துவச் சீட்டு நகல் வேணும்னு எழுதிக் கொடுத்துடுங்க. ஒரு தம்பி வெளிய வந்தப்ப சட்டைப் பையில மூணே மாத்திரை ஒட்டிக்கிட்டிருந்த ஒரு அட்டை மட்டும்தான், பேர் இருந்த பக்கம் கிழிஞ்சு போச்சு, அது என்ன மாத்திரைன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள அவன் தூங்காம நாலு நாள் ஆயிடுச்சு.

ரெண்டாவது, வந்த வாரமே மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுல ஓ.பி. சீட்டு போடுங்க, சென்னைன்னா கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. மாத்திரை இலவசம். சீட்டு ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க, பின்னாடி அதுதான் சாட்சி. அவசரத்துக்கு 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி போன், தமிழ்லயே பேசலாம்.

மூணாவது ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக். ரொம்ப நாள் உள்ள இருந்தவர் கணக்கு முடங்கியிருக்கும், கே.ஒய்.சி. (அடையாளச் சான்று) கொடுத்து உயிர் கொடுங்க.

நாலாவதுதான் பெருசு. ஸ்வாவலம்பன்ங்கிற மத்திய அரசு இணையதளத்துல யு.டி.ஐ.டி. கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அப்ளை பண்ணணும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல மனநோயும் உண்டு, கேஸ் இருக்குன்னு காரணம் சொல்லி யாரும் மறுக்க முடியாது. பாதிப்பு எத்தனை சதவீதம்னு சொல்ல டாக்டர் நாலு விஷயம் பாப்பார்: தன்னைத்தானே பாத்துக்கிறது, மனுஷங்களோட பழகுறது, பேசிப் புரிஞ்சுக்கிறது, வேலை. எத்தனை வருஷமா நோய்ங்கிறதுக்கும் மார்க் உண்டு. 40 சதவீதம் வந்தாத்தான் பெரும்பாலான சலுகை. இங்கதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. டாக்டர் பாக்குற அன்னிக்குக் குளிப்பாட்டி புதுச்சட்டை போட்டுக் கூட்டிட்டுப் போறோம், டாக்டர் எப்படி இருக்கீங்கன்னா அவரும் "நல்லா இருக்கேன் சார்"ங்கிறார், முடிஞ்சுது. பொய் சொல்லச் சொல்லல, ஆனா யார் சொல்லிக் குளிக்கிறார், மாத்திரைய யார் கையில எடுத்துக் கொடுக்குறது, கடைசியா எப்ப வேலைக்குப் போனார், எத்தனை நாள்ல நின்னார், இதெல்லாம் தேதியோட ஒரு தாள்ல எழுதிட்டுப் போய் கூட இருக்குற அம்மாவோ அக்காவோ சொல்லணும்.

கண்டிஷன் பெயில்ல வந்தவருக்கு இன்னொரு சிக்கல், ஸ்டேஷன்ல காலைல பத்தரைக்குக் கையெழுத்து, ஆஸ்பத்திரியிலயும் அதே நேரம். தேதி தெரிஞ்ச உடனே வக்கீல்கிட்ட சொல்லி அன்னிக்கு மட்டும் தளர்வு கேட்டு மனு போடச் சொல்லுங்க, கையெழுத்த விட்டுட்டு ஓடாதீங்க, பெயிலே போயிடும்.

கார்டு வந்ததும் இ-சேவை மையத்துல மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரிச்சு, சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தார்கிட்ட போகும். வி.ஏ.ஓ. வர்றப்ப ஆள் வீட்ல இருக்கணும்.

விண்ணப்பம் தள்ளுபடி ஆனா காரணத்த எழுத்துல வாங்கிட்டு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுங்க. வக்கீலுக்குக் காசில்லைன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, மனநோய் உள்ளவங்களுக்கு இலவசமா வக்கீல் வைப்பாங்க, 15100க்கு போன் பண்ணாலே போதும்.