பனி உருகும் காலத்தில் விறகுக் கணப்பை எரிக்கும் முறை

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் கிழக்குப் பகுதியில், மேப்பிள் காடுகள் நிறைந்த லனார்க் போன்ற ஊர்ப்புறங்களில், பெப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிப் பகலில் மேலே ஏறும் நாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. மேப்பிள் சாறு ஓடுவதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் வேண்டும் என்பதால் பாகு காய்ச்சுவோர் இந்த நாட்களுக்காகவே காத்திருக்கிறார்கள். விறகுக் கணப்பால் வீட்டைச் சூடாக்குவோருக்கோ ஆண்டிலேயே அதிகக் கவனம் தேவைப்படும் காலம் இது. ஜனவரியில் அடுப்பை நிரப்பி, நெருப்புக்குக் காற்று விடும் திறப்பை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டால் போதும், நாளுக்கு நாள் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. மார்ச்சில் அதே பழக்கத்தைத் தொடர்ந்தால் வீடு புழுங்கும், கண்ணாடி கறுக்கும், கதவைத் திறந்ததும் புகை அறைக்குள் வரும்.

காரணத்தை எண்களில் பார்த்தால் தெளிவாகும். வெளியே மைனஸ் 20 பாகை செல்சியஸ், வீட்டுக்குள் 20 பாகை என்றால் இரண்டுக்கும் இடையே 40 பாகை வித்தியாசம் உண்டு. வெளியே 10 பாகை என்றால் வித்தியாசம் 10 மட்டுமே. வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், அடுப்பு தர வேண்டிய வெப்பமும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. புகையை மேலே இழுத்துச் செல்லும் அழுத்தமான புகைபோக்கியின் இழுவையும் இதே வித்தியாசத்திலிருந்தே பிறக்கிறது. 6 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கியில், நெருப்பு மூட்டுவதற்கு முன் வீட்டுக் காற்றே நிறைந்து நிற்கிறது என்று கொண்டால், மைனஸ் 20 பாகையில் சுமார் 11 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) இழுவை கிடைக்கும். 10 பாகையில் இரண்டரை பாஸ்கல்தான் கிடைக்கும். ஆனால் அதே புகைபோக்கி 200 பாகை அளவுக்குச் சூடேறிவிட்டால், கடுங்குளிர் நாளில் சுமார் 38 பாஸ்கலும், மிதமான நாளில் 29 பாஸ்கலுக்குச் சற்று மேலும் இருக்கும். அதாவது, குளிர்ந்த புகைபோக்கியைப் பாதிக்கும் அளவுக்குச் சூடான புகைபோக்கியை வெளி வானிலை பாதிப்பதில்லை. தொல்லை தொடக்கத்திலும் முடிவிலும்தான், குழாய் குளிர்ந்திருக்கும் நேரங்களில்தான் வருகிறது.

இந்தக் காலத்தில் பெரும்பாலோர் செய்வது, வழக்கம்போல் அடுப்பை நிரப்பிவிட்டு, வெப்பம் அதிகமாகிறது என்று காற்றுத் திறப்பை மூடுவது. அப்போது சுவாலை அடங்கி, விறகு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். எரியாத அந்தப் புகை, குளிர்ந்த குழாயின் உட்சுவரில் படிந்து கிரியோசோட் என்னும் தாராக மாறுகிறது. புகைபோக்கித் தீ பிடிப்பது இந்தப் படிவில்தான். ஆகவே வெப்பம் குறைவாக வேண்டிய நாளில் விறகைக் குறைக்க வேண்டுமே தவிர, காற்றைக் குறைக்கக் கூடாது. கொஞ்சம் விறகை நல்ல சுவாலையோடு வேகமாக எரித்து, நெருப்பு முடிந்ததும் அடுப்பு தன் சூட்டை மெதுவாக வெளியிட விட்டுவிடுவதே முறை. புகையை எரித்துவிட உதவும் வினையூக்கி என்னும் பாகம் பொருத்திய அடுப்புகள் மட்டும் ஓரளவு விலக்கு. உள்ளே சுமார் 260 பாகை எட்டி வினையூக்கி வேலை செய்யத் தொடங்கிய பிறகு, அவை குறைந்த காற்றிலும் புகையின்றி எரியும்.

மூட்டுவதற்கு முன், ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையைத் திறந்த அடுப்புக் கதவின் வாயில் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபட்டால் மூட்டலாம். அசையாமல் நின்றாலோ, உங்கள் முகத்தை நோக்கி வந்தாலோ, குழாயில் குளிர்ந்த காற்று அடைத்து நிற்கிறது என்று பொருள். வீட்டுச் சுவருக்கு வெளியே கட்டப்பட்ட புகைபோக்கிகளிலும், நிலவறையில் வைத்த அடுப்புகளிலும் இது அடிக்கடி நேரும். சமையலறை விசிறியும் துணி உலர்த்தும் இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றை நிறுத்துங்கள். அவை வீட்டுக் காற்றை வெளியேற்றிப் புகைபோக்கியோடு போட்டி போடுகின்றன. அடுப்பு இருக்கும் அறையிலேயே, காற்று வீசும் பக்கத்து யன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள். பிறகு ஒரு செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்து, அடுப்பின் மேற்பகுதியில், புகை குழாய்க்குள் ஏறும் இடத்துக்கு அருகே பிடித்தால், ஒன்றிரண்டு நிமிடத்தில் 'குப்' என்று இழுவை திரும்புவதைக் காதாலேயே உணரலாம்.

விறகை அடுக்கும்போது மேலிருந்து கீழாக எரியும்படி அடுக்குவது இந்தக் காலத்துக்கு மிகவும் பொருந்தும். மணிக்கட்டுத் தடிமனுள்ள இரண்டு மூன்று கட்டைகளை அடியில் இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் மேல் விரல் தடிமனுள்ள சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் சீடர் சுள்ளியும் கசக்கிய தாளும் வைத்து, உச்சியிலேயே பற்றவையுங்கள். சுவாலை முதலிலிருந்தே குழாயின் வாய்க்கு அருகில் இருப்பதால் குழாய் விரைவில் சூடேறும். மேலே எழும் புகையும் அந்தச் சுவாலையைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடும். கீழே தாளை வைத்து மேலே கட்டைகளை ஏற்றும் பழைய முறையில் முதற் பத்து நிமிடம் வெறும் புகையே கிளம்பும், இழுவை குறைந்த நாளில் அந்தப் புகைக்குப் போக்கிடம் இருக்காது.

காற்றுத் திறப்பு முதலில் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஒற்றைச் சுவர்க் குழாயாக இருந்தால், அடுப்புக்கு மேல் சுமார் 45 சென்றிமீற்றர் உயரத்தில் காந்த வெப்பமானி ஒன்றை ஒட்டி வையுங்கள். அதில் 110 முதல் 245 பாகை வரை நல்ல எல்லை. அதற்குக் கீழே தார் படியும், அதற்கு மேலே அடுப்புக்கும் குழாய்க்கும் கேடு. இரட்டைச் சுவர்க் குழாயில் மேற்பரப்புச் சூடு உண்மையைக் காட்டாது என்பதால், உள்ளே நுழையும் கம்பியுள்ள வெப்பமானிதான் வேண்டும். முள் 200 பாகையை நெருங்கியதும் காற்றை ஒரே தள்ளலில் அடைக்காமல், இரண்டு மூன்று படிகளாகக் குறையுங்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் நெருப்பைச் சில நிமிடம் கவனிக்க வேண்டும்: சுவாலை சோம்பலாக அசைந்தாலும் தொடர்ந்து நின்றால் சரி, சுவாலை மறைந்து கட்டை கறுத்துப் புகைந்தால் ஒரு படி திரும்பத் திறக்க வேண்டும். வெளியே போய்ப் புகைபோக்கியின் உச்சியைப் பார்ப்பதும் நல்ல சோதனை. மூட்டிய கால் மணி நேரத்துக்குப் பிறகும் சாம்பல்நீலப் புகை தெரிந்தால், காற்று போதவில்லை அல்லது விறகு ஈரம். குளிர் நாளில் சட்டென்று கரைந்து மறையும் வெள்ளை ஆவி வெறும் நீராவி; அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

விறகைத் தேர்ந்தெடுப்பதிலும் மாற்றம் வேண்டும். சர்க்கரை மேப்பிள், பீச் போன்ற கனத்த விறகு நீண்ட நேரம் தணலாகக் கிடக்கும் தன்மையது. ஜனவரி இரவுக்கு அதுதான் சிறந்தது, மார்ச் பகலுக்கு அது தேவைக்கு மிஞ்சியது. பொப்லர், சிவப்பு மேப்பிள், பைன் போன்ற இலேசான விறகு சட்டென்று பிடித்து, சூட்டைத் தந்து, அதிகத் தணல் விடாமல் முடிந்துவிடும். பைன் எரித்தால் புகைபோக்கி கெடும் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. நன்கு காய்ந்த பைனால் அப்படிக் கேடு வருவதில்லை. ஈரமான மேப்பிளால் வரும். ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் எமரல்ட் வண்டு 2002இல் வின்ட்சரில் கண்டறியப்பட்டதிலிருந்து மாகாணமெங்கும் ஆஷ் மரங்கள் பட்டு விழுந்துவருவதால், ஆஷ் விறகும் தாராளமாகக் கிடைக்கிறது. அது இரண்டு வகைக்கும் நடுவானது. எந்த மரமானாலும் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டையை அப்போதுதான் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியைக் குத்திப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். உருகும் பனியும் சாய்வான மழையும் விறகுக் குவியலை நனைக்கும் மாதம் இது என்பதால், இரண்டு நாளைக்கான விறகை முன்கூட்டியே உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு சாதாரண மார்ச் நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை மைனஸ் 8 பாகை, மதியம் வெயிலுடன் 7 பாகை. ஆறு மணிக்கு ஒரு சிறு அடுக்கை மூட்டி நன்றாக எரியவிட்டு, ஒன்பது மணியளவில் நெருப்பு தானாக முடிய விடுங்கள். அதன்பின் தெற்கு யன்னல் வழியாக வரும் வெயில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். மார்ச் வெயிலுக்கு ஜனவரி வெயிலைவிட வலிமை அதிகம். நெருப்பு அணைந்துவிடக் கூடாதே என்று தணலின்மேல் ஒற்றைக் கட்டையைப் போடுவதைத் தவிருங்கள். துணைக்கு வேறு கட்டை இல்லாத கட்டை சுவாலை விட்டு எரியாது, மணிக்கணக்கில் புகையும். மாலையில் குளிர் திரும்பும்போது புதிதாக மூட்டுவதே மேல். இரவு முழுவதும் தாங்கும்படி நிரப்புவதை, முன்னறிவிப்பு மைனஸ் 10 அல்லது அதற்குக் கீழே என்று சொல்லும் இரவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் 10 பாகையைத் தாண்டி, மூடுபனியும் தூறலுமாகக் காற்று அசையாமல் இருக்கும் நாளில் அடுப்பை மூட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ஹீட் பம்ப்போ மின் சூடாக்கியோ இருந்தால் அன்றைக்கு அதைப் போடுங்கள். அதே நாள் இரவே குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்து, வடமேற்குக் காற்று சுழற்றி வீசி, வெப்பநிலை மைனஸ் 12க்கு விழுவதும் இங்கே புதிதல்ல. அப்போது கவனிக்க வேண்டியது நேர்மாறானது: இழுவை திடீரென்று கூடுவதால், மிதமான நாளில் சரியாக இருந்த காற்றுத் திறப்பு அந்த இரவில் மிகையாகிவிடும். அன்றிரவு சற்று முன்னதாகவே காற்றைக் குறைத்து, வெப்பமானியைப் பார்த்த பிறகே படுக்கைக்குப் போக வேண்டும்.

வீடு அதிகமாகச் சூடாகிவிட்டால் மாடி யன்னலைத் திறக்கத் தோன்றும். அது தவறு. மேலே ஏறும் சூடான காற்று மாடி வழியாக வெளியேறும்போது கீழ்த்தளத்தில் அழுத்தம் குறைந்து, புகைபோக்கி வழியாகவே காற்று உள்ளே இழுக்கப்படும். திறப்பதானால் அடுப்பு இருக்கும் அறையின் யன்னலைத் திறவுங்கள்.

இந்த நேரத்தில் உயிருக்கே ஆபத்தான ஒன்று, நெருப்பின் கடைசிக் கட்டம். தணல் கனன்றுகொண்டிருக்கும்போது புகை தெரியாது, மணமும் குறைவு. ஆனால் கார்பன் மோனாக்சைடு தொடர்ந்து வெளிவரும். வெளியே வெப்பம் கூடி, குழாய் ஆறிக்கொண்டிருந்தால், அந்த வாயு அறைக்குள் திரும்பலாம். ஆகவே தணல் கட்டத்தில் காற்றுத் திறப்பை ஒருபோதும் முழுவதும் மூட வேண்டாம்; சற்றுத் திறந்தே வைத்து, தணல் எரிந்து தீர விடுங்கள். எரிபொருள் அடுப்புள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருப்பது ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம். அடுப்புள்ள தளத்திலும் ஒன்று வைப்பதையும், அதன் மின்கலத்தை இந்த மாதத்தில் சோதிப்பதையும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சாம்பலை அள்ளும்போது இரண்டு மூன்று சென்றிமீற்றர் அடியில் விட்டுவிடுங்கள். புதிய நெருப்பு அதன்மேல் எளிதில் பிடிக்கும். அள்ளியதை மூடியுள்ள உலோக வாளியில் இட்டு, மரத்தளத்தில் வைக்காமல், வீட்டிலிருந்து விலக்கி வெறும் மண்ணிலோ கல்லிலோ வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும், பனி விலகிய காய்ந்த புல் எளிதில் பற்றும்.

இத்தனைக்குப் பிறகும் கதவைத் திறக்கும்போது புகை வந்தால், புகைபோக்கித் தொப்பியின் வலை தாரால் அடைபட்டிருக்கிறதா என்று புகைபோக்கித் துப்புரவாளரிடம் பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் உட்சுவரில் படிவு 3 மில்லிமீற்றர் தடிமனை எட்டியிருந்தால், பருவம் முடியும் வரை காத்திராமல் உடனே துப்புரவு செய்ய வேண்டும். கடைசி நெருப்பு முடிந்த பிறகு, கோடைக்கு முன்பே ஒருமுறை முழுமையாகச் சுத்தம் செய்வதும் அவசியம். அமிலத்தன்மையுள்ள படிவு கோடை ஈரத்தை உறிஞ்சிக் குழாயை அரிக்கும், வீட்டில் கரிநாற்றமும் வீசும். அப்போதே அடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எந்த இடத்தில் தடையின்றி வழுகி வருகிறதோ, அங்கே கதவைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு தேய்ந்திருக்கிறது. புதிய கயிற்றை இலையுதிர்காலம் வரும் முன் மாற்றிவிடலாம்.