சி60 கூண்டோடு இடைநிலை உலோகத்தைப் பிணைப்பது எப்படி?

அறுபது கார்பன் அணுக்களைக் கொண்ட சி60 ஃபுல்லரீனோடு ஓர் இடைநிலை உலோகத்தை இணைக்க முற்படும் மாணவர், அம்மூலக்கூறு, எல்லாப் பிணைப்புகளும் ஒரே நீளமுள்ள ஆறு கார்பன் வளையமான பென்சீனின் உருண்டை வடிவம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களும் சேர்ந்த அக்கூண்டில் எல்லாப் பிணைப்புகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. இரண்டு அறுகோணங்கள் பகிர்ந்துகொள்ளும் 30 பிணைப்புகள் ஏறத்தாழ 1.39 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நீளமுடையவை. ஐங்கோணமும் அறுகோணமும் பகிரும் மற்ற 60 பிணைப்புகள் ஏறத்தாழ 1.45 ஆங்ஸ்ட்ராம் நீளமுடையவை. குட்டையான அந்த 30 பிணைப்புகளே இரட்டைப் பிணைப்பின் இயல்பைக் காட்டுகின்றன. உலோகமும் பெரும்பாலும் அங்கேதான் வந்து அமர்கிறது. குவிந்த பரப்பின் மீது பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் உலவும் வெளிகள்) வெளிப்புறமாக விரிந்து நிற்பதால், ஃபெரோசீன் என்ற சேர்மத்தில் இரு ஐங்கோணக் கார்பன் வளையங்களுக்கு இடையே இரும்பு இருப்பதுபோல் ஒரு வளையத்தின் நடுவே அமரும் உலோகத்துக்கு ஆர்பிட்டால்களின் போதுமான மேற்பொருந்துதல் கிடைப்பதில்லை. ஆகவே சி60-ஐ எலக்ட்ரான் வறுமையுள்ள ஓர் ஆல்கீனாக, அதாவது கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மமாகக் கருதுங்கள். எந்த உலோகம் பொருந்தும் என்பது அதிலிருந்தே விளங்கிவிடும்.

எலக்ட்ரான் செறிவும் குறைந்த ஆக்சிஜனேற்ற நிலையும் கொண்ட உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள். பூஜ்ஜிய நிலையிலுள்ள பிளாட்டினம், பலேடியம், நிக்கல் ஆகியவையும், +1 நிலையிலுள்ள இரிடியம், ரோடியம் ஆகியவையும் தம் டி எலக்ட்ரான்களைக் கூண்டின் காலி ஆர்பிட்டாலுக்கு வழங்கிப் பின்பிணைப்பை உருவாக்குகின்றன. முதல் முயற்சிக்குப் பிளாட்டினமே ஏற்றது என்பது என் கருத்து, ஏனெனில் வினை நிகழ்ந்ததை நிறமே காட்டிக்கொடுக்கும். டூபாண்ட் நிறுவனத்தில் பால் ஃபேகனும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட வழியும் இதுவே.

சி60 டொலுவீனில் மிகக் குறைவாகவே, அதாவது ஒரு மி.லிட்டருக்கு ஏறத்தாழ 2.8 மி.கி. அளவே, கரைகிறது. எனவே 72 மி.கி. சி60-க்கு, அதாவது 0.1 மில்லிமோலுக்கு, 40 மி.லி. டொலுவீனாவது எடுத்துக்கொள்வது நல்லது. கரைப்பானை உலர்த்தி, அதில் கரைந்துள்ள ஆக்சிஜனை நீக்கி, நைட்ரஜன் அல்லது ஆர்கான் சூழலில் வினையை நடத்த வேண்டும். இரண்டு ட்ரைஃபீனைல்பாஸ்பீன்களும் ஓர் எத்திலீனும் ஈனிகளாக (உலோகத்தோடு இணைந்த மூலக்கூறுகளாக) உள்ள பிளாட்டினம் அணைவுச் சேர்மத்தில் ஏறத்தாழ 75 மி.கி. எடுத்துத் தனியே கரைத்து, சி60 கரைசலைக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். எத்திலீன் வாயுவாக வெளியேற, ஊதா நிறக் கரைசல் அடர்ந்த மரகதப் பச்சைக்கு மாறும். இந்த மாற்றம் கண்ணெதிரே நிகழ்வதைப் பார்ப்பது உண்மையிலேயே மகிழ்ச்சி தருவது. அவசரப்பட்டு ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டால், ஒரே கூண்டில் இரண்டு மூன்று பிளாட்டினங்கள் ஏறிய கலவைதான் மிஞ்சும். ட்ரைஎத்தில்பாஸ்பீன் ஈனிகளைக் கொண்ட பிளாட்டினத்தை வேண்டுமென்றே மிகுதியாகச் சேர்த்து, ஆறு உலோகங்கள் எண்முகி வடிவில் சூழ்ந்த கூண்டையும் அதே குழுவினர் உருவாக்கினார்கள்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம். வெவ்வேறு சூழலிலுள்ள கார்பன்களைத் தனித்தனிக் கோடுகளாகக் காட்டும் கார்பன்-13 என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில், தனித்த சி60-க்கு 143 பிபிஎம் அருகே ஒரே ஒரு கோடுதான் தெரியும். ஒரு குட்டைப் பிணைப்பின் மீது உலோகம் அமர்ந்தால் சமச்சீர்மை குறைந்து, கூண்டில் 17 வகைக் கார்பன்கள் உண்டாகின்றன. படிக அமைப்பைப் பார்த்தால் பிளாட்டினம் பற்றிய இரு கார்பன்களும் கூண்டிலிருந்து சற்றே வெளியே இழுபட்டு, அவற்றின் இடைத்தூரம் 1.50 ஆங்ஸ்ட்ராமாக நீண்டிருக்கும். பின்பிணைப்பு எவ்வளவு வலியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரிடியத்தோடு ஒரு கார்பன் மோனாக்சைடு ஈனியும் (கார்பனைல்) கொண்ட வாஸ்கா சேர்மத்தோடு சி60 சேரும் வினை மீள்வினையாகும். விளைபொருள் படிகமாகக் கிடைத்தாலும், அதை மறுபடி கரைக்கும்போது இரு கூறுகளும் பிரியத் தொடங்கும். ஆகவே அதைக் கரைசலில் ஆராய்வதைவிடத் திண்மத்தின் அகச்சிவப்பு நிறமாலையில் கார்பனைல் பட்டையைக் கவனியுங்கள். ஏறத்தாழ 1950 முதல் 1970 செ.மீ⁻¹ வரையிலான பகுதியில் இருந்த பட்டை 2014 செ.மீ⁻¹ அளவுக்கு உயர்ந்திருந்தால், கூண்டு உலோகத்தின் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொண்டது என்று பொருள்.

ஒரு குழப்பத்தை இங்கே தவிர்த்துவிட வேண்டும். சி60 கூண்டின் வடிவத்தை 1991-இல் முதன்முதலாகப் படிகத்தில் உறுதிசெய்த ஆஸ்மியம் சேர்மத்தில் உலோகம் கார்பனைத் தொடுவதே இல்லை. கார்பனோடு பிணைந்திருப்பவை ஆக்சிஜன் அணுக்களே. அதற்குத் தேவையான ஆஸ்மியம் டெட்ராக்சைடு கண்ணையும் நுரையீரலையும் கடுமையாகத் தாக்கும் நஞ்சு என்பதால், தொடக்கநிலை மாணவர்கள் அதைத் தொட வேண்டாம்.

ஃபெரோசீன் போன்ற அமைப்புதான் வேண்டும் என்றால், கூண்டை முன்கூட்டியே பக்குவப்படுத்த வேண்டும். ஜப்பானில் நாகமுராவின் குழுவினர் கரிமத் தாமிர வினைபொருளைக் கொண்டு ஓர் ஐங்கோணத்தைச் சுற்றி ஐந்து தொகுதிகளைச் சேர்த்தார்கள். அதனால் அந்த ஐங்கோணம் கூண்டின் மற்றப் பகுதியிலிருந்து மின்னணு வகையில் தனித்துவிட, அதன்மீது இரும்பு நிலையாக அமர்ந்தது.

கார்பனின் மற்ற வடிவங்களிலும் உலோகம் பிணைவதை வளைவே பெரிதும் தீர்மானிக்கிறது. குழாயாகச் சுருண்ட கார்பன் நானோகுழாய்களில் வளைவு மிகுந்த முனைகளும் குறைபாடுள்ள இடங்களும் முதலில் வினைபுரிகின்றன. பக்கச்சுவர்கள் எளிதில் இணங்குவதில்லை. ஓர் அணு தடிமனுள்ள தட்டையான கார்பன் தாளான கிராஃபீனில் கதை வேறு. நிக்கல் பரப்பு கிராஃபீனை ஏறத்தாழ 2.1 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் இறுகப் பற்றுகிறது. தாமிரமோ 3 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேற்பட்ட தூரத்தில் தளர்வாகவே வைத்திருக்கிறது. ஆகவே உலோகப் பரப்பில் வளர்த்த கிராஃபீனை வேறு தளத்துக்கு மாற்ற எண்ணுபவர் தாமிரத் தாளையே எடுக்க வேண்டும். மேலே பாலிமர் பூச்சு கொடுத்தபின், தாளை ஃபெரிக் குளோரைடு கரைசலில் கரைத்து நீக்கிவிடலாம்.