வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகிறீர்களா? பயோடேட்டாவில் வலது மேல் மூலையைக் காலியாக விடுங்கள்

சனிக்கிழமை காலை, ஏதோ ஒரு கல்லூரி வளாகம், வாசலில் பேனர், வகுப்பறைக்கு மூன்று நான்கு கம்பெனி என்று பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் எச்.ஆர். ஆட்கள், வராண்டா முழுக்கக் கையில் ஃபைலோடு பிள்ளைகள். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நான் வேலை தேடி அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். பிறகு ஆறு வருஷம் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்காக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தேன். வரிசையில் நின்ற காலத்தில் எனக்குத் தெரியாமல் போன விஷயங்களை இப்போது வேலை தேடுகிற பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேஜைக்குப் பின்னால் இருப்பவர் ஒரே நாளில் இருநூறு பயோடேட்டா வாங்குவார். ஒருவருக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் அதிகம். நீங்கள் எழுந்து போனதும் உங்கள் தாளின் மேல் மூலையில் பேனாவால் ஏதாவது கிறுக்கி வைப்பார். "சி.என்.சி. மெஷின் தெரியும், நைட் ஷிஃப்ட் ஓகே, ஹாஸ்டல் வேண்டும்" என்றோ, "டேலி, அடுத்த வாரமே சேரலாம்" என்றோ இருக்கும். சாயந்திரம் அந்தக் கட்டு ஆபீஸுக்குப் போனபிறகு எங்கள் கண் முதலில் தேடுவது அந்தக் கிறுக்கலைத்தான். ஒன்றும் எழுதாத தாள் கட்டின் அடிக்குப் போய்விடும், அப்புறம் அதை யாரும் எடுப்பதில்லை. அதனால் அந்த மூலையில் நான்கு விரல் அகலத்துக்கு இடம் விட்டு அச்சடியுங்கள், போட்டோவை இடது பக்கம் ஒட்டுங்கள். அங்கே எழுதுவதற்கு அவருக்கு ஒரு வரி கிடைக்கும்படி பேசுங்கள்.

"எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் சார்" என்று சொல்பவர்களுக்கு அந்த வரி கிடைப்பதே இல்லை. பணிவாகத்தான் சொல்கிறார்கள், அது புரிகிறது. ஆனால் என்னிடம் குவாலிட்டிக்கு நாலு இடம், மெஷின் ஷாப்புக்குப் பதினைந்து இடம், ஸ்டோர்ஸுக்கு ஒரு இடம் இருக்கும்போது, அவரை எங்கே வைப்பது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கிறது, பின்னால் இருபது பேர் நிற்கும்போது அந்த யோசனைக்கு நேரமில்லை. மேஜையின் முன்னால் ஒட்டியிருக்கும் காலியிடப் பட்டியலைப் படித்துவிட்டு, "குவாலிட்டி இன்ஸ்பெக்டருக்கு வந்திருக்கிறேன், அது நிரம்பிவிட்டால் மெஷின் ஆபரேட்டருக்கும் சரி" என்று ஒருவர் சொன்னால் என் பேனா தானாக ஓடும்.

முகாமுக்கு முந்தைய வாரம் செய்ய வேண்டியவை

முகாம்களை நடத்துவது மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பல மாவட்டங்களில் அந்த மையத்திலேயே வெள்ளிக்கிழமைகளில் சின்ன முகாம் நடக்கும். கூட்டம் குறைவாக இருக்கும், பேச நேரம் கிடைக்கும், ஆகவே முதல்முறை போகிறவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது. பெரிய முகாம்களுக்குத் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் முன்பதிவு இருக்கும், கட்டணம் கிடையாது. எந்தெந்தக் கம்பெனி வருகிறது என்று பட்டியல் முன்கூட்டியே வெளியானால் அதில் ஐந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து போதும். நான் வேலை தேடிய காலத்தில் ஒரே நாளில் இருபத்து மூன்று மேஜையில் தாள் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு போன் வந்தது, "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்டேன், எதிர்முனையில் குரலே மாறிவிட்டது. மறுபடி அழைப்பு வரவில்லை.

அந்த ஐந்து கம்பெனியும் என்ன செய்கின்றன, ஆலை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள். ஒரகடத்தில் வேலை என்றால் உங்கள் ஊரிலிருந்து தினமும் போய் வர முடியுமா, ஓசூர் என்றால் தங்கத்தான் வேண்டுமா, திருப்பூர் என்றால் துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்று வீட்டில் அந்த வாரமே பேசி முடித்துவிடுங்கள். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆள் எடுப்பவர்களின் பெரிய பயமே இதுதான். ஆர்டர் வாங்கிக்கொண்டு வராமல் போகிறவர்களும், வந்து எட்டாவது நாள் "அம்மா வரச் சொன்னாங்க" என்று கிளம்பிவிடுகிறவர்களும் அத்தனை பேர். மார்க் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், வருவார், நிற்பார் என்று நம்பிக்கை தருகிறவரைத்தான் நாங்கள் முதலில் கூப்பிடுவோம். "வீட்டில் பேசிவிட்டேன், ஹாஸ்டலில் தங்கச் சம்மதம்" என்ற ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

பதிவு மூப்பு போய்விடுமோ என்று இன்னும் பலர் தயங்குகிறார்கள். முகாம் வழியாகத் தனியார் வேலையில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாகாது. தைரியமாகப் போங்கள்.

பயோடேட்டா

பிரௌசிங் சென்டரில் வைத்திருக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி எடுத்து வராதீர்கள். வேறு யாருடைய அப்பா பெயரோ அப்படியே இருக்கும் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே 'ஆப்ஜெக்டிவ்' என்று நான்கு வரி ஆங்கிலம் இருக்குமே, அதை எடுத்துவிடுங்கள், யாரும் படிப்பதில்லை. அந்த இடத்தில் உங்கள் கைக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதுங்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டர் என்றால் வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியுமா, லேத் ஓட்டியிருக்கிறீர்களா, பி.காம். என்றால் டேலி கணக்கு மென்பொருளில் எது வரை செய்வீர்கள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுப் பார்த்ததுண்டா. அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் கல்லூரியிலேயே முடித்த படிப்பு இருந்தால் அதன் பெயர்.

அனுபவம் என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்த வேலை மட்டும்தான் என்று நினைத்து நம் பிள்ளைகள் 'ஃப்ரெஷர்' என்று போட்டுவிடுகிறார்கள், எனக்கு இது ரொம்ப வருத்தம். பள்ளிபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், டிப்ளமோ, தாளில் ஒன்றுமே இல்லை. படிக்கும்போது செலவுக்கு என்ன செய்தாய் தம்பி என்று பேச்சுக்குக் கேட்டேன். இரண்டு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் தறி ஓட்டியிருக்கிறான், தறி நின்றால் தானே பார்த்துச் சரிசெய்வானாம். எனக்கு வேண்டியிருந்ததே அதுதான், நைட் ஷிஃப்டில் கண் சொருகாமல் மெஷின் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரு ஆள். நான் கேட்காமல் விட்டிருந்தால் அவன் தாளும் அடியில் போயிருக்கும். ஜவுளிக்கடையில் பில் போட்டது, கேட்டரிங்கில் பரிமாறப் போனது, மாமா கடையில் கணக்குப் பார்த்தது எல்லாவற்றையும் எழுதுங்கள், எத்தனை மாதம் என்பதோடு. படிப்பில் அரியர் இருந்தாலோ, கல்யாணம், குழந்தை என்று நடுவில் சில வருஷம் இடைவெளி இருந்தாலோ மறைக்க வேண்டாம், ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

ஒரு பக்கம் போதும். பத்து நகல், எல்லாவற்றிலும் சரியான போன் நம்பர். சான்றிதழ்களுக்கு ஜெராக்ஸ், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஓடுகிற பேனா இரண்டு. அசல் சான்றிதழ்களைக் காட்டுவதற்கு எடுத்துப் போகலாம், ஆனால் எந்த மேஜையிலும் விட்டு வராதீர்கள், "வெரிஃபிகேஷனுக்கு இருக்கட்டும், சேரும்போது தருகிறோம்" என்றாலும் சரி. உடையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், துவைத்து இஸ்திரி போட்டது எதுவானாலும் சரி, ஷூ இல்லையென்று யாரையும் நாங்கள் ஒதுக்கியதில்லை.

அன்றைக்கு

எட்டு மணிக்கே வாசலில் இருங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும். திறப்பு விழா, பணி நியமன ஆணை வழங்குவது என்று மேடை நிகழ்ச்சி இருந்தால் நடுவில் கொஞ்ச நேரம் மேஜைகள் மந்தமாகும். சாப்பாட்டுக்குப் பிறகு நாங்களும் களைத்திருப்போம், சில கம்பெனிகள் இரண்டு மணிக்கே மூட்டை கட்டிவிடும். பதிவு முடிந்ததும் எந்த அறையில் எந்தக் கம்பெனி என்ற பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, உங்கள் ஐந்தில் மூன்றாவதாகப் பிடித்த கம்பெனிக்கு முதலில் போங்கள். நாக்கு பழகிவிடும், அதன்பின் ரொம்பப் பிடித்த இடத்துக்குப் போகலாம். கூட நண்பர்கள் வந்தால் வராண்டாவில் பிரிந்துவிடுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு மேஜைக்கு வந்தால் நால்வரும் எங்களுக்கு ஒரே ஆள் மாதிரிதான் தெரிகிறீர்கள். அப்பாவோ அண்ணனோ கூட வந்திருந்தால் அவர்கள் அறைக்கு வெளியே இருக்கட்டும், கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த சுய அறிமுகம் வேண்டாம். பாதியில் மறந்துபோய்க் கண் கலங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் யாருக்கும் வேலை தெரியாமல் இல்லை. கால் சென்டர் மாதிரி ஆங்கிலமே வேலையாக இருக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் பேசத்தான் வேண்டும், அதை முன்கூட்டியே பழகிப் போங்கள். மற்ற இடங்களில் அவர் தமிழில் கேட்டால் தமிழிலேயே நிதானமாகச் சொல்லுங்கள். பெயர், ஊர், படிப்பு, கைக்குத் தெரிந்த வேலை, எந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள், எப்போது சேர முடியும். அரை நிமிஷம்கூட ஆகாது. தெரியாததைக் கேட்டால் "தெரியாது, சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன்" என்று சொல்பவர் மீது எனக்கு மரியாதை வரும்.

அடுத்து நீங்கள் கேளுங்கள். சம்பளம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, பிறகு சேர்ந்த இடத்தில் ஏமாந்து நிற்கிறார்கள். முதல் கேள்வி, கம்பெனி ரோலா (கம்பெனியே நேரடியாக எடுக்கும் வேலையா), கான்ட்ராக்டா? பேனரில் இருப்பது ஒரு பெயர், சம்பளச் சீட்டு தருவது வேறொரு ஏஜென்சி என்பது சகஜம். அப்ரெண்டிஸ் என்று சொன்னால் அது குறிப்பிட்ட காலப் பயிற்சி, கிடைப்பது உதவித்தொகை, முடிந்ததும் அங்கேயே வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு அந்தச் சான்றிதழ் பிற்பாடு உதவும், ஆகவே அது என்ன என்று தெரிந்துகொண்டு சேருங்கள். இரண்டாவது, கைக்கு எவ்வளவு வரும்? 18,000 ரூபாய் என்று சொன்னால், அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம், பி.எஃப். 12 சதவீதம் 1,440 போகும், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம் 135 போகும், மிச்சம் 16,425. இதிலிருந்து ஹாஸ்டல், கேன்டீன், பஸ் பிடித்தம் உண்டா என்று கேட்டால்தான் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்பது தெரியும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று வருத்தப்படாதீர்கள், கம்பெனியும் தன் பங்கைக் கட்டுகிறது, உடம்புக்கு முடியாமல் போகும் நாளில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கைகொடுக்கும். சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று ஒரு பெரிய தொகை சொன்னால் கம்பெனி கட்டும் பங்கும் அதற்குள் இருக்கும், அது கைக்கு வரும் காசு அல்ல. ஷிஃப்ட் நேரம், பஸ் எந்த இடம் வரை வரும், ஆலைகளில் ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி தருகிறார்களா, பெண்களுக்கு ராத்திரி ஷிஃப்ட் உண்டா, வண்டி வீடு வரை வருமா, இவையும் கேட்க வேண்டியவைதான். இப்படிக் கேட்பவரைப் பார்த்தால், இவர் யோசித்துத்தான் வந்திருக்கிறார், நிற்பார் என்று எங்களுக்குத் தோன்றும்.

யூனிஃபார்ம், பயிற்சி, டெபாசிட், புராசஸிங் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்து முகாம் நடத்தும் அலுவலர்களிடம் சொல்லுங்கள். அங்கேயே இருப்பார்கள்.

மேஜையை விட்டு எழுந்ததும் ஒரு நோட்டில் கம்பெனி பெயர், பேசியவர் பெயர், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எப்போது கூப்பிடுவதாகச் சொன்னார் என்று அங்கேயே நின்று எழுதிக்கொள்ளுங்கள். கையில் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள் என்றால் வேலை எந்த ஊரில், எந்தத் தேதிக்குள் சேர வேண்டும், யாருடைய லெட்டர்ஹெட் என்று மூன்றையும் படித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுங்கள். ஆர்டர் வராதவர்களுக்கு அடுத்த வாரம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வரலாம், எடுங்கள். எடுக்க முடியாமல் போனால் அன்றைக்கே திருப்பிக் கூப்பிடுங்கள். நாங்கள் ஒருவருக்கு இரண்டு தடவை அடித்துப் பார்ப்போம், மூன்றாவது தடவை அடிக்காமல் பயோடேட்டா கட்டிலிருந்து அடுத்த தாளை எடுத்துவிடுவோம். வேறு வேலை கிடைத்துச் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் அதையும் போனில் சொல்லிவிடுங்கள், அந்த இடம் வராண்டாவில் உங்கள் பின்னால் நின்ற யாருக்காவது கிடைக்கும்.