குழுவில் மறந்துபோன எட்டாம் கட்டளை: கத்தோலிக்கர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் பங்கு, அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம். திருவிழாத் திருப்பலியில் பீடத்தருகே குத்துவிளக்கு ஏற்றியதை யாரோ படம் பிடித்துப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். தேர் தெருச் சுற்றி நிலைக்கு வருவதற்குள் பங்குத்தந்தை "பேய்க்கு விளக்கேற்றியவர்" ஆகிவிட்டார். அவருக்காகப் பேசிய ஆசிரியர் ஒருவர் "யூதாசு" ஆனார். திட்டியவர்களும் திட்டு வாங்கியவரும் அடுத்த ஞாயிறு ஒரே வரிசையில் நின்று நற்கருணை அப்பம் வாங்கினார்கள். வெளியூர்க்காரர் எவரும் அந்தக் குழுவில் இல்லை. முகம் தெரியாதவர்கள்தாம் இணையத்தில் அசிங்கமாகப் பேசுவார்கள் என்ற எண்ணம் எங்கள் ஊரில் செல்லாது. இங்கே எல்லோருக்கும் எல்லோருடைய வாசலும் தெரியும்.

விளக்கு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் நடப்பது இந்தத் தவறுதான்: திருச்சபை என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்காமல் திருச்சபையின் பெயரில் தீர்ப்பிடுவது. குத்துவிளக்கு, ஆரத்தி, பஞ்சாங்க நமஸ்காரம், செருப்பைக் கழற்றிவிட்டு வருவது எல்லாம் இந்திய ஆயர்கள் கேட்டு, உரோமை (வத்திக்கான்) 1969 ஏப்ரல் 25 அன்று அனுமதித்த 12 அம்சங்களில் உள்ளவை. உங்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். எனக்கே சில பங்குகளில் செய்யும் விதம் கலைநிகழ்ச்சி போலத் தெரிகிறது. அதைச் சொல்லி வாதிட யாரும் தடை போடவில்லை. ஆனால் அனுமதி உள்ளதைச் செய்த ஒரு குருவைச் சிலை வழிபாட்டுக்காரர் என்று எழுதினால் அது வாதம் ஆகாது, பொய்ச்சாட்சி. "பொய்ச்சாட்சி சொல்லாதே" என்ற எட்டாம் கட்டளையை மீறுவது.

நற்கருணையைக் கையில் வாங்குவதா, நாவில் வாங்குவதா என்ற சண்டையும் இதே ரகம். நாவில் வாங்குவது ஒவ்வொரு விசுவாசிக்கும் எப்போதும் உள்ள உரிமை, உரோமையின் ஒப்புதலோடு ஆயர் பேரவை அனுமதித்த இடங்களில் கையிலும் வாங்கலாம் என்று 2004-இல் வந்த உரோமை அறிவுறுத்தல் தெளிவாகவே சொல்கிறது. முழந்தாளிட்டு வாங்குகிற பாட்டியைப் பழம்பஞ்சாங்கம் என்பதும், கை நீட்டுகிற கல்லூரிப் பையனை அவபக்தன் என்பதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள்.

"விசுவாசத்தைக் காக்கத்தானே சண்டை போடுகிறோம், வீரமாமுனிவர் போடவில்லையா?" என்று ஒருவர் கேட்டார். போட்டார். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு தரங்கம்பாடி லூத்தரன் மிஷனரிகளுக்கு மறுப்பு நூல்களே எழுதியவர் அவர். அவருடைய நாக்கும் மென்மையானதல்ல. ஆனால் அவர் போதனைகளை எடுத்து நூலாக மறுத்தார். அவை அவர் எழுதியவை என்று இன்றும் எல்லோருக்கும் தெரியும். நம் சண்டைக்காரர்களோ பாதிப் பேர் புனிதர் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு பெயரில்லாமல் எழுதுகிறார்கள். அதுவும் லூத்தரன்களுக்கு எதிராக அல்ல, பக்கத்து அன்பியத்துக்கு (பங்கின் தெருவாரிச் சிறு குழுவுக்கு) எதிராக.

அடுத்தது சற்று நுணுக்கமானது. "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது குழுக்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு 2477-ஆம் எண்ணில் மூன்று குற்றங்களைப் பிரித்துச் சொல்கிறது. போதிய ஆதாரமின்றி ஒருவர் தவறு செய்தார் என்று மனத்துக்குள் நம்பிவிடுவது ஒன்று. பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது இன்னொன்று. மூன்றாவதைத்தான் நாம் மறந்துவிட்டோம்: ஒருவருடைய உண்மையான குறையை, தக்க காரணமில்லாமல், அதை அறியாதவர்களிடம் போய்ச் சொல்வது. பாடகர் குழுவில் உள்ள பெண்ணின் மணமுறிவோ, உபதேசியாரின் மகன் வாங்கிய கடனோ உண்மையாகவே இருக்கட்டும். குழுவில் போட்டால் அது பாவம்தான். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியது.

ஆனால் "தக்க காரணமில்லாமல்" என்ற சொற்களை எவரும் விழுங்கிவிடக் கூடாது. குற்றத்தை மூடி மறைக்க எட்டாம் கட்டளையைத் துணைக்கு அழைப்பதும் தவறு, அதையும் பார்த்திருக்கிறேன். குழந்தை மீது பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. ஆயருக்குச் சொல்லிவிட்டேன் என்பது அதற்கு ஈடாகாது. குழுவில் போட்டுவிட்டேன் என்பதும் ஈடாகாது. அதில் குழந்தையின் அடையாளம் வெளிப்பட்டால் அதுவே குற்றம். மற்றபடி நிர்வாகக் குறைகளை மேய்ப்பர்களிடம் சொல்லவும், மரியாதையோடு மற்ற விசுவாசிகளிடம் சொல்லவும் திருச்சபைச் சட்டம் 212 நமக்கு உரிமை தருகிறது. சில வேளை அது கடமை என்றும் சொல்கிறது. வாயை மூடிக்கொண்டிரு என்று அது சொல்லவில்லை.

இங்கேதான் சாதிக்கு வருகிறேன். டெல்டாவில் கோவில் சண்டை எதைத் தோண்டினாலும் மூன்றடியில் சாதி தட்டுப்படும். தேர் எந்தத் தெருவரை போகும், கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம், சப்பரத்தை யார் தூக்குவது என்பவை குழுவில் "மரபு" என்ற பெயரில் பேசப்படும். "எங்கள் தெருவுக்கு ஏன் தேர் வரவில்லை?" என்று ஒரு தலித் இளைஞர் கேட்டால் உடனே வரும் பதில், "திருச்சபையைப் பிளக்காதே." கேட்டவர் பிளக்கிறவராம், தேரைத் திருப்பியவர்கள் ஒற்றுமை காப்பவர்களாம். பகை என்றால் வசைச்சொல் மட்டும் என்று நினைப்பதால் வரும் தவறு இது. அவருடைய பதிவுக்குக் கீழே "எந்தத் தெரு தம்பி?" என்று ஒரு வரி. வசை எதுவும் அதில் இல்லை. ஆனால் படித்த அத்தனை பேருக்கும் புரியும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதைக் குழு நிர்வாகி நீக்கிவிடுகிறார்.

அருங்கொடைச் (கரிஸ்மாட்டிக்) செபக்கூட்டத்துக்குப் போகிறவரைப் பெந்தகோஸ்துக்காரர் என்பது, இலத்தீன் பூசையை விரும்புகிறவரைப் பிரிவினைவாதி என்பது, திருத்தந்தையின் ஒரு முடிவை ஏற்கத் தயங்குகிறவரைக் கத்தோலிக்கரே அல்ல என்பது: இவற்றுக்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. ஒருவரைத் திருச்சபைக்கு வெளியே தள்ள நமக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் எழுதிய தூய வாழ்வு பற்றிய மடலில், 115-ஆம் எண்ணில், மற்றக் கட்டளைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு சிலர் எட்டாம் கட்டளையை அடியோடு புறக்கணிப்பதைச் சுட்டினார். கத்தோலிக்க ஊடகங்களையும் சேர்த்தே சொன்னார்.

செய்யக்கூடியது என்ன? மத்தேயு 18-இல் வரிசை இருக்கிறது: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, கடைசியில்தான் திருச்சபையிடம். நாம் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் அறிவுரை ஒன்றும் உண்டு: அடுத்தவர் சொன்னதை முதலில் நல்ல பொருளில் எடுத்துக்கொள், முடியாவிட்டால் எந்தப் பொருளில் சொன்னாய் என்று கேள். தொலைபேசியில் கேட்டால் இரண்டு நிமிடம். எங்கள் ஊரில் நடந்தே போய்க் கேட்கலாம்.

ஈடு செய்வதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறோம். மறைக்கல்வி ஏடு 2487-இன்படி, பிறர் பெயரைக் கெடுத்தவர் மன்னிப்புப் பெற்றாலும் ஈடு செய்யும் கடமை மீதமிருக்கிறது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் திருவிழாக் கணக்கில் ஒலிபெருக்கிச் செலவு இரண்டு முறை வந்திருக்கிறது என்று குழுவில் எழுதினேன். பொருளாளர் பெயரையும் எழுதினேன். இரண்டாவது ரசீது கொடியேற்ற நாளுக்கு உரியது. பக்கத்தைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். டீக்கடையில் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

"என்னிடம் சொல்லிவிட்டீர்கள் அண்ணே, சரி. குழுவில் நூற்று எண்பது பேர் இருக்கிறார்களே, அவர்களிடம் யார் சொல்வது?" என்றார்.

அன்றிரவு எழுதினேன்: கணக்கு சரி, தவறு என்னுடையது, அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் குற்றச்சாட்டுக்கு வந்த பதில்கள் அறுபதுக்கு மேல். மன்னிப்புக்கு வந்தவை நான்கு, அவற்றில் இரண்டு வெறும் கைகூப்பிய படம். அடுத்த ஆண்டு கணக்குப் படிக்கும் நாளில் யாரோ என் பழைய பதிவைத் தேடி எடுத்து மறுபடியும் குழுவில் போட்டார்கள். நானும் மன்னிப்பைத் தேடி எடுத்து அதன் கீழே போட்டேன். இந்த ஆண்டும் போட வேண்டியிருக்கும்.