"பாதி கட்டினால் போதும்" என்று பேங்கிலிருந்து போன் வந்தால்

ஏழெட்டு மாதமாகக் கட்ட முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஒருநாள் எனக்குப் போன் வந்தது. "மொத்தம் 86,000 சார், ஒரே தவணையா 38,000 கட்டுங்க, முடிச்சிடலாம்." மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன், அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். நான்கு வருடம் கழித்து வேறொரு பேங்கில் வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது மேனேஜர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தக் கார்டுக்கு நேராக 'செட்டில்ட்' என்று இருந்தது, 'க்ளோஸ்டு' என்று இல்லை. பாதி வாங்கிக்கொண்டு மீதியை பேங்க் நஷ்டமாக விட்டது என்று அதற்கு அர்த்தம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் மீதி 48,000-ஐயும் எப்படியாவது புரட்டியிருப்பேன்.

அதனால் யாருக்கும் பணம் கட்டும் முன் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது நீங்கள் வாங்கிய கடன்களும் அவற்றைக் கட்டிய விதமும் பதிவாகியிருக்கும் அறிக்கையை, எடுங்கள். பேச்சுவழக்கில் எல்லாமே சிபில்தான், ஆனால் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. 300-லிருந்து 900-க்குள் இருக்கும் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே ஒவ்வொரு கடனுக்கும் மாத வாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், 36 மாதம் வரை. 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை, 030 என்றால் 30 நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் பேங்க் அதை வாராக்கடனில் சேர்த்துவிடும். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பேரில் ஏறியிருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

இன்னும் 90 நாள் ஆகவில்லை என்றால் செட்டில்மென்ட் பேச்சையே எடுக்காதீர்கள். கிளைக்குப் போய், வேலை போனதோ ஆஸ்பத்திரிச் செலவோ, உண்மையான காரணத்தை எழுதிக் கொடுத்து, தவணையை நீட்டித் தர முடியுமா, கார்டு பாக்கியை இஎம்ஐ ஆக மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

90 நாள் தாண்டிவிட்டது, முழுசாகக் கட்ட வழியே இல்லை என்றால் செட்டில்மென்ட் செய்யலாம், தப்பில்லை. ஆனால் போனில் பேசியதை நம்பி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பேங்கின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வர வேண்டும், அதில் கடன் எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, ரிப்போர்ட்டில் எப்படிப் பதிவு செய்வார்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். பணத்தைக் கடன் கணக்கில்தான் கட்ட வேண்டும், வசூலுக்கு வருபவரின் ஜிபே எண்ணுக்கு அல்ல. அவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்காக உங்களைக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது, எனவே பயந்துபோய் அவசரத்தில் ஒத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, 2023 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, செட்டில்மென்ட் செய்தவருக்கு விவசாயக் கடன் தவிர மற்றவற்றில் அதே பேங்க் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தர முடியாது.

ஏற்கெனவே என்னைப் போல மாட்டிக்கொண்டீர்களா? மீதியைக் கட்டி 'க்ளோஸ்டு' ஆக்கித் தரச் சொல்லி பேங்குக்கு எழுதுங்கள். சில சமயம் அந்தக் கடனை, வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் ஏஆர்சி எனப்படும் நிறுவனத்துக்கு விற்றிருப்பார்கள், அப்போது யாரிடம் இருக்கிறது என்று பேங்கிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே போக வேண்டும். கட்டியதும் பாக்கி எதுவும் இல்லை என்ற 'நோ டியூஸ்' சான்றிதழ் வாங்குங்கள். நான் 48,000-ஐ மூன்று தவணையாகக் கட்டினேன், பதிவு மாறியது, பழைய தாமதக் கட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. சான்றிதழ் கையில் இருந்தும் பதிவு மாறவில்லை என்றால் சிபில் தளத்திலேயே புகார் போடலாம். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே புகார் தரலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், "ஐபி கொடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுது" என்று ஊரில் சொல்வார்கள். ஐபி என்றால் கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் திவால் மனு, மஞ்சள் நோட்டீஸ் என்பதும் அதுதான். தயவுசெய்து அதை நம்பி இறங்காதீர்கள். 2016 திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பழைய சட்டங்கள்தான், சென்னைக்கு 1909-ல் வந்தது, மாவட்டங்களுக்கு 1920-ல் வந்தது. மனு போட்ட கையோடு கடன் அழியாது. கோர்ட் திவாலானவர் என்று அறிவித்து, உங்கள் சொத்தை அதிகாரி எடுத்துப் பங்கிட்டு, அதற்கும் பிறகு கடனிலிருந்து விடுவிக்கும் உத்தரவை கோர்ட்டில் வாங்க வேண்டும். வீட்டையோ நகையையோ அடமானம் பிடித்திருக்கும் பேங்க் அதை விற்றுக்கொள்ளலாம். எனக்கு மனசு கேட்காத விஷயம் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கதைதான். உங்களுக்கு விடுவிப்பு கிடைத்தாலும் அவருக்குக் கிடைக்காது, அவருடைய ரிப்போர்ட்டிலும் அந்தக் கடன் நிற்கும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வக்கீல் ஆபீஸ் படியேறாதீர்கள்.

கடன் விவரங்களைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது இந்த நிறுவனங்களுக்கான விதி, ஆகவே ஸ்கோர் ஒரே மாதத்தில் ஏறாது. "5,000 கொடுங்க, சிபிலை ஏத்தித் தர்றோம்" என்பவர்களிடம் போகாதீர்கள், சரியாகப் பதிவான விஷயத்தை யாராலும் அழிக்க முடியாது. 15,000 அல்லது 20,000-க்கு ஒரு எஃப்டி போட்டு அதன் மேல் கார்டு வாங்குங்கள், பழைய பதிவு மோசமாக இருந்தாலும் பெரும்பாலும் தருவார்கள். மாதம் பெட்ரோலுக்கு மட்டும் அதில் தேய்த்து, லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல், மொத்த பில்லும் சம்பளம் வந்த மறுநாள் தானாகப் போகும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். அந்தச் சமயத்தில் நாலு ஆப்பில் லோன் கேட்டுப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஒரு வரியாக ஏறும்.