இயர்லி ஸ்டாப்பிங்: பயிற்சியை நிறுத்தும் இடத்தில் நேரும் தவறுகள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலோ இயந்திரக் கற்றலை ஆய்வுக்கு எடுக்கும் மாணவருக்கு நெல் இலை நோய் கைக்கெட்டிய தலைப்பு. வயல் பக்கத்திலேயே இருக்கிறது, கைபேசியும் இருக்கிறது. ஆனால் சேர்வது சில நூறு படங்கள்தான். அவ்வளவு குறைந்த தரவில் கணினி மாதிரி (மாடல்) நோயைக் கற்பதை விட்டுப் படங்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும். பயிற்சித் தரவு முழுவதையும் ஒருமுறை கடக்கும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும், பயிற்சிக்குக் காட்டாமல் ஒதுக்கிய சரிபார்ப்புத் தரவின் இழப்பை, அதாவது பிழையின் அளவைப் பார்த்து, அது குறையாமல் நின்றதும் பயிற்சியை முடிக்கும் இயர்லி ஸ்டாப்பிங் இதற்கு மலிவான மருந்து. மலிவு என்பதாலேயே பலர் ஒரு வரியில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு அந்த வரியில் இல்லை, அதற்கு முன்பே தரவைப் பிரிக்கும் இடத்தில் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு வயலுக்குப் போய், எரிபந்த நோய் கண்ட ஒரே துண்டில் கால் மணி நேரத்துக்குள் எண்பது படங்கள் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதே வெயில், அதே கைபேசி, பின்னால் அதே வரம்பு. இந்த எண்பதையும் குலுக்கி, அறுபதைப் பயிற்சிக்கும் இருபதைச் சரிபார்ப்புக்கும் போட்டால், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே படங்கள்தான் இருக்கும். வரம்பை மனப்பாடம் செய்வதும் முன்னேற்றமாகவே கணக்கிடப்படும். சரிபார்ப்பு இழப்பு குறைந்துகொண்டே போகும், நிறுத்தவேண்டிய கணம் வரவே வராது. ஒரு வயலின் படங்கள் முழுவதும் ஒரே பக்கம் இருக்கவேண்டும். சைகிட்-லேர்ன் என்ற பைதான் நூலகத்தில், ஒரே குழுவின் தரவை உடைக்காமல் பங்கிடும் குரூப் கே-ஃபோல்ட் இதற்கென்றே இருக்கிறது. காலபோகத்து மழை மூட்டத்தில் எடுத்தவற்றைப் பயிற்சிக்கும், சிறுபோகத்துச் சுள்ளென்ற வெயிலில் எடுத்தவற்றைச் சரிபார்ப்புக்கும் வைக்க முடிந்தால் இன்னும் கடுமையான சோதனை. படங்களைத் திருப்பி, புரட்டிப் பெருக்குவதையும் பிரித்த பிறகே செய்யுங்கள்.

அதே சைகிட்-லேர்னின் எம்எல்பி கிளாசிஃபயர் என்ற நரம்பு வலைப்பின்னல் மாதிரியில் இயர்லி ஸ்டாப்பிங்கை இயக்கினால், அது தானாகவே பயிற்சித் தரவில் 10 சதவீதத்தை எழுமாறாக ஒதுக்கிக்கொள்ளும். எந்த வரி எந்த வயலுடையது என்பது அதற்குத் தெரியாது. இப்படிக் குழுவாக வரும் தரவுக்கு அந்த வசதியை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, நிறுத்தும் கணத்தைத் தீர்மானித்த அதே தரவின் துல்லியத்தை ஆய்வறிக்கையில் இறுதி முடிவாகப் போடுவது. எந்தச் சுற்று சிறந்தது என்று அந்தத் தரவைக் கொண்டே தெரிவு செய்திருக்கிறோம். ஆகவே அதில் வரும் எண் உண்மையைவிடச் சற்று நல்லதாகவே இருக்கும். கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்து செய்து பழகிய மாணவனுக்கு அதே தாளையே பரீட்சையாக வைப்பதைப் போன்றது இது. கடைசிவரை தொடாத மூன்றாவது பங்கு ஒன்று கட்டாயம் வேண்டும்.

நரம்பு வலைப்பின்னல்களைப் பயிற்றும் கெராஸ் நூலகத்தில் ஒரு பொறி உண்டு. பேஷன்ஸ், அதாவது முன்னேற்றம் இல்லாமலே பொறுத்துப் பார்க்கும் சுற்றுகள், 5 என்று வைத்திருக்கிறீர்கள், 18ஆம் சுற்றில் இழப்பு மிகக் குறைவு, 23இல் பயிற்சி நிற்கிறது. கையில் இருப்பது 23ஆம் சுற்றின் எடைகள், அதாவது மாதிரி அதுவரை கற்ற எண்கள். ரிஸ்டோர் பெஸ்ட் வெயிட்ஸ் என்பதன் இயல்பு மதிப்பு ஃபால்ஸ். அதை ட்ரூ ஆக்கினால்தான் 18க்குத் திரும்பும். மின்சாரமோ இணைப்போ இடையில் அறுந்தாலும் சிறந்த எடைகள் தப்பவேண்டுமானால் எடைகளைக் கோப்பில் சேமிக்கும் மாடல் செக்பாயிண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

பேஷன்ஸின் இயல்பு மதிப்போ பூச்சியம். ஒரே ஒரு சுற்றுத் தடுமாறினாலும் கதை முடிந்தது. சிறிய தரவில் இழப்பு ஏறி இறங்குவது சாதாரணம். 1998இல் லுட்ஸ் பிரெஹெல்ட் வெளியிட்ட ஆய்வில், பொறுத்து நிறுத்தும் விதிகள் சராசரியாக 4 சதவீத அளவு சிறந்த பொதுமையாக்கலை (காணாத தரவிலும் சரியாக இயங்குவதை) தந்தன, ஆனால் பயிற்சி நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. இரவல் கணினியில் ஓட்டுபவர் இந்த விலையை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். முன்னேற்றம் நின்றதும் கற்றல் வீதத்தை (எடைகளை ஒவ்வொரு முறையும் எவ்வளவு மாற்றுவது என்பதை) குறைக்கும் ரெட்யூஸ் எல்ஆர் ஆன் பிளாட்டோவையும் பயன்படுத்தினால், அதன் பேஷன்ஸைவிட நிறுத்தும் பேஷன்ஸ் பெரிதாக இருக்கவேண்டும். அதன் இயல்பு மதிப்பு 10. நிறுத்துவதற்கு 5 என்று வைத்தால் வீதம் குறையும் முன்பே பயிற்சி முடிந்துவிடும், அப்படி ஒன்றை எழுதியதே வீண்.

துல்லியத்தைக் கவனிப்பதைவிட இழப்பைக் கவனிப்பதே நல்லது. சரிபார்ப்பில் 60 படங்கள்தான் என்றால், ஒரு படம் மாறினாலே துல்லியம் 1.67 சதவீதம் துள்ளும். நாமே எழுதிய அளவீட்டைக் கவனிப்பதானால், அது கூடவேண்டுமா குறையவேண்டுமா என்பதை மோட் என்ற இடத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

முடிவு மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக் கற்கும் எக்ஸ்ஜிபூஸ்ட் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: மதிப்பீட்டுத் தரவுகளாக ஒன்றுக்கு மேல் கொடுத்தால், நிறுத்துவதற்கு அது பார்ப்பது பட்டியலில் கடைசியாக உள்ளதை. பயிற்சித் தரவைக் கடைசியில் வைத்தால், மரங்கள் கூடக்கூடப் பிழை குறைந்துகொண்டுதான் இருக்கும். கொடுத்த எண்ணிக்கை தீரும்வரை நிற்காது. சரிபார்ப்புத் தரவைக் கடைசியில் வையுங்கள்.